ஆப்டிமஸ் பிரைம் ஊர் திரும்பினப்ப அங்க யார் இருந்தா?

மே 3, வாசகர் ஒருத்தர் கேட்டது

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ கதையில ஆப்டிமஸ் பிரைம் தன்னோட சொந்தக் கிரகமான சைபர்ட்ரானுக்குத் திரும்பிப் போறத எதுக்கு இவ்வளவு பெருசா கொண்டாடுறீங்க? சண்டை போட்டுப் போட்டு மொத்தக் கிரகமும் சுடுகாடா கிடக்கு. எனர்ஜி கிடையாது, ஜனம் கிடையாது. பூமியில நண்பர்கள் இருக்காங்க, பேசாம இங்கயே இருந்திருக்கலாம். அந்தத் திரும்பலுக்கு அர்த்தமே இல்லன்னு நினைக்கிறேன்.

மே 3, ராத்திரி 10:40

அர்த்தம் இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்க ஏன் கிளம்பினாங்கன்னு பாக்கணும். 1984ல வந்த முதல் கார்ட்டூன்ல பிரைமோட ஆட்டோபாட் கூட்டம் சைபர்ட்ரானை விட்டுட்டு ஓடிப் போகல, ஊருல எனர்ஜி தீர்ந்து போச்சு, வெளிய எங்கயாவது கிடைச்சா கொண்டாரலாம்னுதான் ஆர்க் கப்பல்ல ஏறினாங்க. பின்னாடியே எதிரிக் கூட்டமான டிசெப்டிகானோட தலைவன் மெகாட்ரான் துரத்திட்டு வந்து, கப்பல் பூமியில மோதி, எரிமலைக்குள்ள 40 லட்சம் வருஷம் மயக்கத்துல கிடந்து, 1984லதான் கண்ணு முழிக்கிறாங்க.

எங்க பக்கம் இதுக்கு ஒரு பேச்சு உண்டு, கொண்டுவிக்கப் போறதுன்னு. எங்க ஊர் செட்டியார்கள் பர்மா, மலேயா, சிலோன்னு போனது அப்படித்தான். குடியேறுறதுக்காகப் போகல. வட்டிக்கடை ஏஜெண்டா போனா 3 வருஷக் கணக்கு, முடிச்சுட்டு வீட்டுக்கு வரணும், கொஞ்ச நாள் இருந்துட்டு மறுபடியும் போகணும். அப்படிப் போனவனைப் பாத்து அங்கயே இருந்திருக்கலாமேன்னு கேட்டா அவனுக்கு அந்தக் கேள்வியே புரியாது. பிரைமும் அந்த மாதிரி ஆளு. சம்பாத்தியம் வீட்டுக்கு வரணும்னு போனவனுக்கு வீடு இடிஞ்சு கிடந்தாலும் வந்துதான் ஆகணும்.

எனக்கு இந்த ஆளு மேல பிரியம் வந்த கதையும் இதேதான். 1988ல சிங்கப்பூர்ல இருந்து எங்க அம்மான் (தாய்மாமா) ஒரு செவப்பு லாரி கொண்டு வந்தாங்க, முன்னாடி ஜன்னல் ரெண்டும் நெஞ்சா மாறும், கால் மடங்கும், கையி உள்ளேர்ந்து வரும். அதை லாரியாவே முகப்புல ஆத்தங்குடிக் கல்லு மேல உருட்டிட்டு, வளவுக்குள்ள, அதாவது உள் முற்றத்துக்குள்ள, வந்ததும்தான் மனுஷனா மாத்தணும்னு நானே ஒரு சட்டம் வச்சிருந்தேன். வெளியூர்ல லாரி, வீட்டுக்குள்ள வந்தாத்தான் ஆளு.

மே 4, காலைல

அப்பத்தாகிட்ட போன்ல இதைச் சொன்னேன், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பத்தி எழுதிட்டு இருக்கேன்னு. "ஏப்பா, மறுபடியும் வெடிச்சிருச்சா, கரண்டு எப்ப வரும்"னாங்க. எங்க தெரு முனையில இருக்கறது மழைக்கு முன்னாடியே வெடிச்சிரும், அவங்க கவலை நியாயம்தான்.

மே 4, ராத்திரி

இன்னைக்கு முழுக்க யோசிச்சுப் பாத்ததுல நேத்து எழுதுனது பாதிதான். வந்துதான் ஆகணும்னு எழுதிட்டேன், ஆனா பிரைமோட பெரிய தருணம் வீட்டுக்குப் போறதுல இல்ல, வீட்டுச் சாவியை அவனே உடைக்கறதுல இருக்கு.

2010ல இருந்து 2013 வரைக்கும் வந்த தொடர்ல ஒமேகா லாக்னு ஒண்ணு வரும். செத்துக் கிடக்கற சைபர்ட்ரானை மறுபடியும் உயிர்ப்பிக்கற கருவி. அதுக்கான சாவிகளுக்காக ரெண்டாவது சீசனோட பின்பகுதியில அடிச்சுக்கறாங்க. கடைசியில கருவி மெகாட்ரான் கையில, அவன் அதைப் பூமி பக்கம் திருப்பி, பூமியையே இன்னொரு சைபர்ட்ரானா மாத்தப் பாக்கறான். பிரைம் கையில வாள் இருக்கு, ஒரே ஒரு வீச்சு, கருவியையே உடைச்சிர்றான். தன் சொந்த ஊர் உயிரோட திரும்பறதுக்கு அப்ப இருந்த ஒரே வழி அது. அடுத்தவன் ஊர் பொழைக்கணும்னு அதை விட்டுக் குடுக்கறான்.

நான் அதைப் பாத்தப்ப எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தேன், உக்கார முடியல.

அடுத்த சீசன்ல திரும்பவும் ஒமேகா லாக் கட்டி சைபர்ட்ரானை உயிர்ப்பிச்சிடறாங்க. ஆனா ஊருக்குத் திரும்பின கையோட பிரைம் தன்னோட உயிர்ப்பொறியையே கொடுத்து, இனிமே அங்க புதுசா பிறக்கப் போற ஜனத்துக்காக மண்ணோட மண்ணா கலந்துர்றான். அதாவது வீடு கிடைச்சது, குடியிருக்கல. கேட்டவர் அர்த்தம் இல்லன்னாரே, அவருக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.

மே 5

1986 படத்துல பிரைம் செத்துப் போனப்ப தியேட்டர்லயே பிள்ளைங்க அழுதுச்சுங்க, பெத்தவங்க கோவமா கடிதம் போட்டாங்க, அதனால 1987ல அவரைத் திரும்பக் கொண்டு வந்தாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. சரிதான். அந்தப் படத்து முடிவுல சைபர்ட்ரான் மீளுது, ஆனா அதுக்காகப் போராடினவரு அதைப் பாக்கல. வீட்டைக் கட்டினவரு கிரகப்பிரவேசத்துக்கு இல்லாம போன வீடு எங்க தெருவுலயே மூணு இருக்கு.

மே 6, திருத்தம்

மே 3 குறிப்பைப் படிச்சா பிரைம் கண்ணு முழிச்ச அப்புறமும் ஊர்ப்பக்கமே போகாம, பூமியிலேயே இருந்தவரு மாதிரி தெரியுது. அது தப்பு. 1985லயே, ரெண்டாவது சீசன்ல, கிரகம் விட்டுக் கிரகம் தாவற ஸ்பேஸ் பிரிட்ஜ் வழியா ஒரு தடவை சைபர்ட்ரானுக்குப் போறாரு. நேத்து ராத்திரி அதைத் திரும்பப் பாத்தேன், 20 வருஷத்துக்கு அப்புறம்.

பாத்ததுல இருந்து வேற எதுவும் ஓடல மண்டையில.

அந்த எபிசோடுல என்னன்னா, ஆர்க் கிளம்பறதுக்கு முன்னாடி நடந்த தாக்குதல்ல பெண் ஆட்டோபாட்ஸ் எல்லாரும் அழிஞ்சு போயிட்டாங்கன்னு பிரைம் நினைச்சிட்டு இருக்காரு. அவங்க சாகல. எலிட்டா ஒன், க்ரோமியா, மூன்ரேசர், ஃபயர்ஸ்டார்னு ஒரு சின்னக் கூட்டம் பூமிக்கடியில ஒளிஞ்சு வாழ்ந்துட்டு இருக்கு. எதிரியோட கிடங்குல புகுந்து எனர்ஜான்ங்கற எரிபொருளை எடுத்துட்டு வந்து அன்னைக்குப் பொழுதை ஓட்டறாங்க. கப்பல் எங்க இருக்குன்னு தெரியாது, போனவங்க உயிரோட இருக்காங்களான்னு தெரியாது.

இந்த எலிட்டா யாருன்னா, அதே சீசன்ல இன்னொரு எபிசோடு சொல்லுது, சண்டைக்கு முன்னாடி அவ பேரு ஏரியல், பிரைம் பேரு ஓரியன் பாக்ஸ், துறைமுகக் கிடங்குல வேலை பாத்த ஒரு சாதாரணப் பையன். மெகாட்ரான் சுட்டுப் போட்ட ரெண்டு பேரையும் ஆல்ஃபா ட்ரையான்ங்கற பெரியவர் எடுத்துத் திரும்பக் கட்டறாரு. ஒருத்தன் ஆப்டிமஸ் ஆகறான், ஒருத்தி எலிட்டா ஆகறா. அவன் கப்பல் ஏறிப் போறான். அவ இருக்கா.

இத்தனை வருஷமா இந்தக் கதையில போனவனைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். கேள்வி கேட்டவரும் அப்படித்தான், அங்க ஜனம் கிடையாதுன்னு எழுதியிருக்காரு. இருந்தாங்க!

மே 9, பள்ளத்தூர்ல இருந்து

முன்னோர்களுக்குப் படையல் போடற படைப்புக்காக வந்திருக்கேன். பங்காளிங்க எல்லாம் நாளைக்கு வர்றாங்க, நானும் அக்கா மகனும் ஒரு நாள் முன்னாடியே வந்து பெரிய வீட்டைத் திறந்தோம். சாவி என் முழங்கை பாதி நீளம், ரெண்டு சுத்து சுத்தி தோளால ஒரு இடி இடிச்சாத்தான் கதவு கேக்கும். உள்ள வவ்வால் வாடை. வளவுல மழைத்தண்ணி நின்னு காஞ்ச கறை. பட்டாலைக் கூடத்துல பர்மாத் தேக்குத் தூண் எட்டு இருந்துச்சு, இப்ப ஆறுதான், ரெண்டு எப்ப, யாரு காலத்துல போச்சுன்னு பங்காளிங்களுக்குள்ள இன்னும் பேச்சு தீரல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப்பக்கம் போனா இந்த மாதிரித் தூண், நிலை, மங்குச் சாமான், ரசம் போன கண்ணாடி எல்லாம் கடை வாசல்ல அடுக்கி வச்சிருப்பாங்க. நான் அந்தத் தெருவுல நடக்கறப்ப எங்க வீட்டு அடையாளம் எதுலயாவது தெரியுதான்னு பாத்துட்டேதான் நடப்பேன்.

தரையை மட்டும் கழுவிட்டோம். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல வச்சு வார்ப்பாங்க, அந்தக் கண்ணாடியோட வழவழப்பு அப்படியே கல்லுல இறங்கிரும், சூளை கிடையாது, தண்ணியில ஊறப்போட்டுக் காய வைக்கறதுதான். நாலு வாளி தண்ணி ஊத்தித் தேங்காநாரால தேச்சதும் செவப்பும் பச்சையும் நேத்து பதிச்ச மாதிரி மேல வந்துச்சு. அக்கா மகன் அதுல சறுக்கி விளையாண்டான். அவனுக்குப் பத்து வயசு. "அம்மான், இதுதான் நம்ம சைபர்ட்ரானா"ன்னான். ஆமாடான்னேன்.

மே 9, சாயங்காலம்

ஷாக்வேவ் பத்தி ஒரு விஷயம், மறக்கறதுக்குள்ள. டிசெப்டிகான் பக்கத்துல ஊருல இருந்த ஆளு அவன்தான். மெகாட்ரான் கிளம்பறப்ப, நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே கிரகம் இருக்கும்னு வாக்குக் குடுக்கறான், 40 லட்சம் வருஷம் அதைக் காப்பாத்தறான். ஒத்தக் கண்ணு, ஒத்த நினைப்பு. ஊரும் அப்படியே இருக்கு, இருட்டா, உறைஞ்சு போய். எதையும் மாத்த விடாம வச்சிருந்தான், அதனால எதுவும் வாழல.

சின்ன வயசுல அவன் விசுவாசம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னைக்குப் பூட்டைத் திறந்து அந்த வாடையை மூக்குல வாங்கினப்ப பிடிக்கல. நாங்களும் அதைத்தான் செஞ்சிருக்கோம், பெரியவங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்னு பூட்டி வச்சிட்டு சென்னைக்கும் துபாய்க்கும் போயிட்டோம்.

எலிட்டா எதையும் விட்ட மாதிரி வச்சிருக்கல. இருக்கறதை வச்சு அன்னன்னைக்குப் பொழைச்சா.

மே 11, ராத்திரி 1 மணிக்கு மேல

படைப்பு நல்லபடியா முடிஞ்சது. எல்லாரும் படுத்தாச்சு. இதை எழுதாம தூக்கம் வராது.

மதியம் சாப்பிட்டு உக்காந்திருந்தப்ப, கவுனி அரிசி இனிப்பு பரிமாறிட்டு இருந்தாங்க, அந்த அரிசியே பர்மாவுல இருந்து வந்ததுன்னு வழக்கமான பேச்சு ஆரம்பிச்சுச்சு. அதுல இருந்து அப்பத்தாவோட மாமனார் கதை. அவரு பெகுவுல ஏஜெண்டா இருந்தாரு. 1941 டிசம்பர் 23ல ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான், மார்ச்சுல ரங்கூனே விழுந்துருச்சு. கப்பல்ல இடம் இல்ல. கிட்டத்தட்ட 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினாங்க, பாதிக்கு மேல நடைதான், காலராவுலயும் பசியிலயும் வழியிலேயே விழுந்தவங்க எத்தனையோ ஆயிரம். அவரு ப்ரோம் வந்து, டவுங்குப் மலைப்பாதை ஏறி, அக்கியாபுல படகு பிடிச்சு, சிட்டகாங், கல்கத்தா, மெட்ராஸ்னு வந்து சேந்தாரு. இதைச் சின்ன வயசுல இருந்து நூறு தடவை கேட்டிருக்கோம், யாரு சொன்னாலும் மலைப்பாதையில நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாங்க.

நான் அப்பத்தாகிட்ட, அந்த அஞ்சு மாசம் இங்க உங்க மாமியா என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு கேட்டேன். சத்தியமா இதுக்கு முன்னாடி ஒருநாளும் கேட்டதில்ல. எலிட்டாவைப் பாக்கலன்னா இன்னைக்கும் கேட்டிருக்க மாட்டேன்.

அப்பத்தா ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சுப் போய் ரெண்டாம் கட்டுல அவங்க புள்ளிக்குரிய, அதாவது அவங்க குடும்பத்துக்குரிய, அறையைத் திறந்து தேக்குப்பெட்டிக்குள்ள இருந்து ஒரு நோட்டு எடுத்துட்டு வந்தாங்க. நீளவாட்டுல தச்ச நோட்டு, பேரேடு மாதிரி. எங்கள்ல கல்யாணம் ஆனா வேறு வச்சிருவாங்க, ஒரே வீடு, ஆனா அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கு தனி. அந்தத் தனிக் கணக்கு இது. விஷு வருஷம் தை மாசத்துல (1942 ஜனவரி) இருந்து எழுதியிருக்காங்க.

முதல் நாலு பக்கம் சாதாரண வீட்டுச் செலவு. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணக்குக்குக் கீழ ஒரே வார்த்தை, "தபாலில்லை". அடுத்த வெள்ளி, "தபாலில்லை". எண்ணிப் பாத்தேன், பதினேழு தடவை. நடுவுல, வெள்ளித் தாம்பாளம் 1 குடுத்தது. நடுவுல, முகப்புத் திண்ணை துணி யாவாரிக்கு, மாசம் இவ்வளவு. பள்ளிக்கூடச் சம்பளம் மட்டும் ஒரு மாசம்கூட விடல. எனக்குத் தெரிஞ்சு அந்தம்மா முகப்புக்குக்கூட வந்து நின்னதில்லன்னு சொல்லித்தான் எங்களை வளத்தாங்க. அவங்க அந்தத் திண்ணையை வாடகைக்கு விட்டிருக்காங்க.

சித்திரபானு வருஷம் பொறந்து, வைகாசியில ஒரு நாள். அவரு வந்த நாள் அதுதான்னு அப்பத்தா விரலை வச்சுக் காட்டினாங்க. நான் என்னமோ எதிர்பாத்தேன், சாமிக்கு நேந்துக்கிட்டது, அழுதது, ஏதாவது. அதுல இருந்தது இவ்வளவுதான்: "இன்று முதல் அரிசி அரைப்படி கூட."

மே 11, காலைல

வேற ஒண்ணும் இல்ல, மேல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அரைப்படி.

மே 13

ஒருத்தர் கேட்டிருக்காரு, நீங்க உங்க குடும்பத்தை ஆட்டோபாட்னு வச்சுக்கிட்டீங்க, பர்மாக்காரன் பக்கம் இருந்து பாத்தா என்னன்னு. கேக்க வேண்டிய கேள்வி. பதில் எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா சொல்றேன்.

பர்மாவுல எங்க ஆளுங்க விவசாயிக்குக் கடன் குடுத்தாங்க, நிலம் அடமானம். 1930ல நெல் விலை விழுந்ததும் கடன் கட்ட முடியல, நிலம் கைமாறுச்சு. 1930கள் கடைசியில கீழ்ப் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல நாலுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர், செட்டியார்கள் கையில இருந்துச்சு. யாரும் ஏக்கருக்கு ஆசைப்பட்டு ஆரம்பிக்கல, பணமா திரும்பி வந்தாத்தான் லேவாதேவிக்காரனுக்கு லாபம், அது உண்மை. ஆனா நிலத்தை இழந்த பர்மாக்காரன் வீட்டுலயும் அரைப்படி குறைச்சு எழுதின ஒரு நோட்டு இருந்திருக்கும். அதுவும் உண்மை. எங்க வீட்டுத் தூண் ஆறும் அங்க இருந்து வந்ததுதான், அதைத் தடவறப்ப இது ரெண்டும் சேந்துதான் கையில படுது.

இதுக்கும் பிரைம் கதையில இடம் இருக்கு. ஐடிடபிள்யூங்கற கம்பெனி போட்ட டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸ்ல 2011 கடைசியில சண்டை முடியுது, சைபர்ட்ரான் காடு மாதிரி மறுபடியும் உயிர்க்குது. அப்ப யார் வர்றாங்கன்னா, எந்தப் பக்கமும் சேராம சண்டைக்குப் பயந்து வெளிய போயிருந்த பொதுஜனம். அவங்க பிரைமைப் பாத்து மாலை போடல. எங்க ஊரை நாசம் பண்ணது நீங்க ரெண்டு கூட்டமும்தான், ஆட்டோபாட்னும் டிசெப்டிகான்னும் நாங்க ஏன் பிரிச்சுப் பாக்கணும்ங்கறாங்க. பிரைம் எதிர்த்துப் பேசல. தான் அங்க இருந்தா சண்டை நினைப்பும் இருந்துக்கிட்டேதான் இருக்கும்னு கிளம்பிடறாரு, பழைய ஓரியன் பாக்ஸ் பேரையே திரும்ப எடுத்துக்கிட்டு.

மே 3ல நான் "வந்துதான் ஆகணும்"னு எழுதினதை இப்ப அப்படியே சொல்ல மாட்டேன். வரலாம். வந்தா, இருந்தவங்க சொல்றதைக் கேக்கணும்.

மே 14

அழகப்பச் செட்டியாரை ஏன் விட்டுட்டீங்கன்னு கேட்டவருக்கு: விடல. 1947ல காரைக்குடியில கல்லூரி ஆரம்பிச்சாரு, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாரு, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டி 1953ல திறந்தாங்க. இன்னைக்கும் அங்க பேட்டரி ஆராய்ச்சி நடக்குது. வெளிய எனர்ஜி தேடிப் போன கதைக்குச் சொந்த ஊருலயே எனர்ஜி பண்ணக் கத்துக்கறதுதான் சரியான பதில்னு அக்கா மகன்கிட்ட சொன்னேன், அவன் பெரிசானா அங்கதான் வேலை பாப்பேன்னு ஒரே பிடியா நிக்கறான்.

மே 18, பள்ளத்தூர்

ஊருக்குக் கிளம்பல, லீவை நீட்டிட்டேன். நேத்து அப்பத்தாவை உக்கார வச்சு அந்த 1985 எபிசோடைப் போட்டுக் காட்டினோம், அக்கா மகன் பக்கத்துல இருந்து தமிழ்ல சொல்லிட்டே வந்தான். சண்டை வர்ற இடமெல்லாம் அவங்க கண்ணு வேற எங்கயோ இருந்துச்சு. எலிட்டா கூட்டம் கிடங்குல புகுந்து எனர்ஜான் எடுக்கற இடத்துல மட்டும் மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணிட்டுப் பாத்தாங்க. எலிட்டாவுக்கு நேரத்தையே நிறுத்தற சக்தி உண்டு, ஆனா பயன்படுத்தினா அவ உயிரே வடிஞ்சு போகும். பிரைமைக் காப்பாத்தறதுக்காக அதைச் செஞ்சு, சாகற நிலைக்குப் போய், பொழைக்கறா.

முடிஞ்சதும் அப்பத்தா கேட்டது, "அவன் கூட்டிட்டுப் போயிட்டானா?"

இல்ல அப்பத்தா, அவன் பூமிக்குத் திரும்பிட்டான், அவளும் அவ கூட்டமும் அங்கயேதான் இருக்காங்கன்னு பையன் சொன்னான்.

"எத்தனை பேரு?"

அவன் விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, பேரு தெரிஞ்சவங்க நாலு பேருன்னான். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நாலு பேருக்கு ஒருநாளைக்கு எவ்வளவு வேணும், அந்தக் கட்டி ஒண்ணு எத்தனை நாள் வரும்னு கேட்டாங்க. அவனுக்குத் தெரியல, எனக்கும் தெரியல.

நோட்டுல இதுவரைக்கும் பதினாலு பக்கம் படிச்சு எழுதியாச்சு, இன்னும் அறுபது சொச்சம் இருக்கு. ஒரு பக்கத்துல மை ஓடிப் போய் எழுத்து தெரியல, வீட்டுல இருக்கற எல்லாரும் பெருசு பண்ணிப் பாத்துட்டோம், ஒண்ணும் நடக்கல. காலைல வளவுல வெயில் இறங்கறப்ப குடுங்க, அவங்க கையெழுத்து எனக்குப் பழக்கம்னாங்க அப்பத்தா.